சரியான எழுத்தில் தொலைந்தவர்

மணலேரிக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. அந்த ஊரில் எதைத் தேடினாலும் அதன் பெயரை முதல் எழுத்திலிருந்து பிசகாமல் சொல்ல வேண்டும். சொன்னால் கிடைக்கும். பிசகினால், தேடிய பொருள் உங்கள் மூக்குக்கு நேரே இருந்தாலும் கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஊர்க்காரர்கள் இதற்காக ஆச்சரியப்படுவதை எப்போதோ விட்டுவிட்டார்கள். அலுத்துக்கொள்வதை மட்டும் இன்னும் விடவில்லை.

அந்த ஊரில் ஒரு கல்லூரி இருக்கிறது. அதன் தமிழ்த்துறை, மணலேரிக்கென்று ஒரு கலைக்களஞ்சியம் தயாரிப்பதாக முடிவு செய்து, ஊரிலுள்ள ஆள், கடை, கோயில், கிணறு, மாடு, மரம், கடையில் விற்கும் பண்டம் என்று எல்லாவற்றையும் ஒரு மென்பொருளில் பதிந்து வைத்தது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் தாங்கள் படித்த நூல்களையும் கட்டுரைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு, வேண்டியபோது தேடி எடுத்து அடிக்குறிப்பில் போட்டுக்கொள்வதற்கென்று உண்டான மென்பொருள் அது. துறையில் அதைச் சான்றுப்பெட்டி என்று சொன்னார்கள். அதன் மேல் மூலையில் வெள்ளையாக ஒரு தேடல் கட்டம் உண்டு. அந்தக் கட்டத்துக்குப் பொருள் தெரியாது, உறவு தெரியாது, செல்லப் பெயர் தெரியாது. எழுத்து மட்டும் தெரியும். கேட்ட எழுத்தில் தொடங்குகிற பெயர்களைக் கொண்டுவந்து நிறுத்தும். அப்படி ஒன்றும் இல்லையென்றால், இல்லை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும்.

ஆடிக் காற்றில் கல்லூரி ஜன்னல்கள் எல்லாம் அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், அந்தக் கட்டத்தின் குணம் பெட்டியை விட்டு வெளியே வந்து ஊர் முழுவதும் பரவியது. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்க நேரம் இல்லை. சாயங்காலம் பாலுக்குப் போக வேண்டியிருந்தது.

பால் பூத்தில் போய்ப் 'பால்' என்றவர்களுக்குப் பால் வந்தது, பால்கோவா வந்தது, கூடவே மேலத்தெருப் பால்பாண்டியும் வடக்குத்தெருப் பால்துரையும் வந்து நின்றார்கள். முதல் நாள் இருவரும் சண்டை போட்டார்கள், மறுநாள் முணுமுணுத்தார்கள், மூன்றாம் நாளிலிருந்து ஆளுக்கொரு தூக்குவாளியோடு வந்து, வந்ததற்குத் தங்களுக்கும் வாங்கிக்கொண்டு போனார்கள். வீடு என்று தேடிப் போனவர்களுக்கு வீடு கிடைத்தது, ஆனால் வீட்டில் இருந்தவர்கள் கிடைக்கவில்லை, ஏனென்றால் கட்டத்துக்கு 'வீடு' வேறு, 'வீட்டில்' வேறு. குளம் தேடிப் போனவர்கள் குளத்தைப் பார்த்தார்கள், குளத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்க்கவில்லை. அதனால் உண்டான சண்டைகளை இங்கே எழுதாமல் விடுவது எல்லாருக்கும் நல்லது. பெட்டியில் குடும்பப் பெயர் என்று ஒரு இடம் இருந்தது. அதில் என்ன போடுவது என்று தெரியாமல் சிலருக்கு அப்பா பெயரைப் போட்டிருந்தார்கள். அந்தப் பெயர்தான் பதிவில் முதலில் நின்றது. ஆகவே மெக்கானிக் கண்ணபிரானை 'மாரிச்சாமி' என்று தேட வேண்டியிருந்தது; தேடினால் அவனுடைய அப்பா மாரிச்சாமி முந்திக்கொண்டு வந்து, "அவனையும் காணோம், வண்டியையும் காணோம், நான் என்னவே செய்ய?" என்று நின்றார்.

ஆனாலும் ஊர் பழகிக்கொண்டது. சொல்லைப் பாதியில் நிறுத்தினால் அகலமாகக் கிடைக்கும் என்று கண்டுபிடித்தார்கள். 'வீ' என்றால் வீடும் கிடைக்கும், வீட்டில் இருப்பவர்களும் கிடைப்பார்கள். கூட வரும் வீச்சரிவாளையும் வீரபுத்திரனையும் பார்த்து ஒதுக்கிக்கொள்ள வேண்டியதுதான். வந்தவற்றில் ஒன்றைத் தொட்டுவிட்டால் தேடல் முடிந்தது, மற்றவை போய்விடும். கண்முன்னால் இருப்பவரைக் கூப்பிடுவது தேடலில் சேராது என்பதும் புரிந்தது. எதிரில் உட்கார்ந்திருப்பவரை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம். எதிரில் இல்லாதவரைத் தேடும்போதுதான் எழுத்து முக்கியம்.

கல்யாணமான பெண்களுக்குத்தான் பெரிய தொல்லை. 'என்னங்க' என்ற பெயரில் மணலேரியில் யாரும் பதிவாகியிருக்கவில்லை. கீழத்தெரு ஆவுடைத்தங்கம், தன் புருஷன் சுப்பிரமணியத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூசி, இரண்டும் ஒரே சாமிதானே என்று 'முருகன்' எனத் தேடினாள். பேக்கரி முருகன் மாவுக் கையோடு ஓடிவந்து, "என்ன மைனி, அவசரமா?" என்றார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சுப்பிரமணியம் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் அவள் வாசலில் நின்று, ஊர் கேட்க, "சுப்பிரமணியம்!" என்று கத்தினாள். பிறகு ஒவ்வொருத்தியாகக் கத்தப் பழகினார்கள். சிலருக்கு அது பிடித்தும் போனது.

பெட்டிக்கு இன்னொரு குணமும் இருந்தது. தேடியும் கிடைக்காமல் போன பதிவுகளை அது ஒதுக்கி வைத்திருந்து, மாதக் கடைசி நாளில் கல்லூரியின் சாயங்கால மணி அடித்ததும், பயன்படாதவை என்று கழித்துவிடும். முதல் மாதக் கடைசியில் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கௌரி லாட்ஜ் கழிந்துபோனது. அதில் தங்கியிருந்த மருந்துக் கம்பெனி ஆட்கள் காலிமனையில் கட்டிலோடு உட்கார்ந்து, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அந்த மனையில் வேன்காரர்கள் வண்டி நிறுத்தினார்கள். அதற்கு மறுநாள் அங்கே வண்டி நிறுத்தும் உரிமை யாருக்கு என்று தகராறு வந்தது. அதற்குப் பிறகு லாட்ஜைப் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டாவது மாதம் பிறந்தது.

இந்த இரண்டாவது மாதத்தில்தான் செண்பகவடிவு தன் கணவரைத் தொலைத்தாள்.

செண்பகவடிவு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். கல்யாணப் பத்திரிகையோ ஆய்வேடோ, அவள் கையில் சிவப்புப் பேனா இருக்கும்வரை எழுத்துப்பிழை ஒன்றும் தப்பாது என்று பெயர். கடைப் பலகையில் ஒரு ஒற்று குறைந்தால்கூட உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். அவள் வருவதைப் பார்த்தால் சில கடைக்காரர்கள் பலகைக்கு முன்னால் போய் நின்றுகொள்வார்கள். அவள் கணவர் சௌந்தரபாண்டி, கல்லூரி வாசலில் டைப்பிங் கடை வைத்திருந்தார். கலைக்களஞ்சியத்துக்காக ஊரின் பெயர்களை எல்லாம் பெட்டியில் அடித்துக்கொடுத்தவர் அவர்தான். அடித்ததைத் தாளில் எடுத்துத் திருத்திக்கொடுத்தவள் அவள்தான்.

முதல் மாதம் முழுவதும் அவளுக்கு அவரைத் தேடும் வேலையே வரவில்லை. கடையில் இல்லாவிட்டால் வீட்டில், வீட்டில் இல்லாவிட்டால் கடையில் என்று அவர் எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தார். தெருப் பெண்கள் எல்லாம் புருஷன் பெயரைக் கத்திக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் கத்தவில்லை என்பதில் அவளுக்குச் சின்னப் பெருமைகூட இருந்தது. ஒரு நாள் பிரிண்டருக்கு மை வாங்கத் திருநெல்வேலிக்குப் போனவர் திரும்பி வர நேரமானது. இருட்டுவதற்குள் பார்த்துவிட்டு வரலாம் என்று கடைவரை போனாள். கடை பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடையில் கேட்டாள்.

"இவ்வோளப் பாத்தியளா அண்ணாச்சி?"

"எவ்வோள?" என்றார் டீக்கடைக்காரர். "பேரைச் சொல்லுங்க தாயி. பேரில்லாம இந்த ஊர்ல எதைத் தேட முடியுது? காலையில சீனியைத் தேடினேன், சீனிவாசன் வாரான்."

அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்தில் நிற்கும்படி, மிகச் சரியாகச் சொன்னாள்: "சௌந்தரபாண்டி."

யாரும் வரவில்லை. அந்த நேரத்தில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கி, மைப்புட்டிகளோடு அவளைத் தாண்டி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. டீக்கடைக்காரர் உதவிக்கு வந்து அவரும் ஒரு தடவை தேடினார். ஜெராக்ஸ் கடைக்காரர் தேடினார். தெருவில் உள்ளவர்கள் வந்து, ஆளுக்கொரு திசையில் நின்று, "சௌந்தரபாண்டி அண்ணாச்சீ!" என்று தேடினார்கள். தேடிக் கிடைக்காதது தேடியவருக்கு இல்லை என்பதால், உதவிக்கு வந்த ஒவ்வொருவரும் தேடித் தேடி அவரைத் தொலைத்தார்கள். இருட்டும் நேரத்தில் தெரு முழுவதற்கும் அவர் இல்லை.

வீட்டில் அவர் இருந்தார். வடிவு திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது, சாப்பாட்டுத் தட்டு கழுவாமல் கிடந்தது, ஈரத் துண்டு வழக்கம்போல மெத்தைமேல் கிடந்தது. அடுத்த நாளும் அப்படியே. மோட்டார் போட்டால் தொட்டி நிறைந்ததும் தானாக நின்றது. செய்தித்தாள் நடுப்பக்கம் தனியாகப் பிரிந்து கிடந்தது. அவள் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, "இதை மெத்தையில போடாதியன்னு எத்தனை தரம் சொல்லியாச்சு" என்று காலி அறையைப் பார்த்துச் சொன்னாள். காலி அறை பதில் சொல்லவில்லை. பதில் சொல்லியிருக்கலாம், அவளுக்குக் கேட்கவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல் வந்தது. செத்துப்போனவருக்கு அழலாம், ஓடிப்போனவரைத் திட்டலாம், உடன் இருந்துகொண்டே கிடைக்காதவரை என்ன செய்வது?

அவள் எல்லா விதத்திலும் தேடிப் பார்த்தாள். சௌந்தர் என்று தேடினாள். சௌந்திரபாண்டி, சவுந்தரபாண்டி, சௌந்தரபாண்டியன், ஐயா சேர்த்து, முதலெழுத்துச் சேர்த்து, முதலெழுத்து இல்லாமல் என்று தேடினாள். பாண்டி என்று தேடியபோது ஊரில் உள்ள பாண்டிகள் எல்லாரும் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்; அவர் பெயர் பாண்டியில் தொடங்கவில்லை என்பதால் அவர் வரவில்லை. வெறுமனே 'ச' என்றாள். சட்டி, சப்பாத்தி, சங்கரவேல், சந்தை என்று வந்தன. அதில் சௌ இல்லை, ஏனென்றால் கட்டத்துக்கு ச வேறு, சௌ வேறு. வெறுமனே 'சௌ' என்றாள். ஒன்றுமே வரவில்லை. ஊரில் சௌ என்று தொடங்குவது எதுவும் இல்லை என்பது அவளுக்கு விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். கோபத்தில் இருந்தவளுக்கு அது படவில்லை.

மாதம் முடிய ஒரு வாரம்கூட இல்லாதபோது, பக்கத்து வீட்டு ஜெபக்கனி பின்வாசல் வழியாக வந்தாள். ஜெபக்கனி தையல்காரி, வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசி இருக்கும்.

"எக்கா, உங்க வீட்டு விஷயத்துல நான் தலையிடுதேன்னு நெனைக்காதிய," என்றாள். "நேத்து உங்களைத் தேடினேன்லா, அளவு ஜாக்கெட்டு கேக்க?"

"தேடின, நானும் வந்தேன். அதுக்கென்ன?"

"முழுப்பேரைச் சொல்ல யாரால முடியும்? வாயில ஊசி வேற. 'செ'ன்னு மட்டும் சொன்னேன். செருப்பு வந்துச்சு, செங்கல் வந்துச்சு, செல்வின்னு மூணு பேரு வந்தாளுவ, நீங்க வந்திய. எல்லாருக்கும் கடைசியில அண்ணாச்சி நின்னாவ. கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு, உம்முன்னு. நான் உங்க கையைப் பிடிச்சதும் எல்லாம் போயிட்டு. அவ்வோளும் போயிட்டாவ."

வடிவு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, நல்லா யோசிச்சுச் சொல்லு. சௌ-ன்னா சொன்ன, செ-ன்னா சொன்ன?"

"செ. செம்பருத்திக்கு வார செ. ஏன்க்கா, ஊசி குத்தப்போவுது, விடுங்க."

வடிவு தோளை விட்டுவிட்டு உள்ளே போய், ஒரு தாளில் கணவரின் பெயரைப் பெரிதாக எழுதி, எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஔகாரம் எழுதுவது எப்படி என்று நமக்கு எல்லாருக்கும் தெரியும். எழுத்துக்கு முன்னால் ஒற்றைக்கொம்பு; பின்னால் ஒரு அடையாளம். அந்தப் பின் அடையாளம் பார்ப்பதற்கு ள போலவே இருக்கும். ஆனால் அது ள அல்ல. அதற்குத் தனியே ஒலி கிடையாது, முன்னால் இருக்கும் கொம்போடு சேர்ந்தால்தான் அதற்கு உயிர். தாளில் அச்சடித்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. டைப் அடிக்கிறவர்கள் பலர், ஔகாரத்துக்கான விசையைத் தேடி அலுத்து, 'செ' அடித்துப் பக்கத்தில் ஒரு 'ள' அடித்துவிடுவார்கள். வாசிக்கிறவர் கண் அதைச் சௌ என்றே வாசித்துக்கொண்டு போய்விடும். எந்த மெய்ப்புத் திருத்துகிறவராலும் அதைத் தாளில் பிடிக்க முடியாது. எழுத்தை மட்டும் தெரிந்த கட்டத்தின் கண்ணுக்கு மட்டும் அது செ, பிறகு ள.

கௌரி லாட்ஜ் போனது அப்படித்தான். ஊரில் இருந்த எல்லாக் கௌரிகளும் பெட்டிக்குள் 'கெ'யில் இருந்தார்கள். சௌந்தரபாண்டி தன் பெயரையும் அப்படித்தான் அடித்திருந்தார். அந்தப் பக்கத்தைச் சிவப்புப் பேனாவோடு படித்துவிட்டு, பிழையில்லை என்று ஓரத்தில் கையெழுத்துப் போட்டது அவள்.

அவள் முதலில் எளிய வழியைப் பார்த்தாள். பின்வாசலில் நின்றுகொண்டு 'செ' என்றாள். ஜெபக்கனி சொன்னபோது ஏதோ நாலு பொருள் வந்ததுபோல இருந்தது. இவள் சொன்னபோது வந்தது ஒரு படை. பக்கத்துக் காலிமனையில் வீடு கட்டுவதற்காக இறக்கியிருந்த செங்கல் அத்தனையும் வந்து அடுக்கிக்கொண்டது. செருப்புகள், செடிகள், செம்மறியாடுகள் வந்தன. பிறகு செல்வங்கள் வந்தார்கள்: செல்வராஜ், செல்வமணி, செல்வகுமார், செல்வக்கனி, அருள் இல்லாத வெறும் செல்வம். "யாரு தேடுதது? சாப்பிட்டுக்கிட்டு இருக்கவன் கையைக்கூடக் கழுவ விடாம!" என்று ஒரு செல்வம் கத்தினார். எழுத்து வரிசைப்படி ள பின்னால்தான் வரும். செங்கல்லுக்கு அந்தப் பக்கம், ஆடுகளுக்கும் பின்னால், நெற்றியில் ஏற்றிய கண்ணாடி ஒன்று மின்னியதை அவள் பார்த்தாள். கையை நீட்டிக்கொண்டு முன்னால் போனாள். ஒரு செம்மறியாடு முட்டியது. சாய்ந்தவள் பிடிமானத்துக்கு எதையோ பிடித்தாள். பிடித்தது ஒரு செம்பு. தேடல் முடிந்தது. எல்லாம் போய்விட்டது. யாருடையது என்று தெரியாத ஒரு செம்போடு அவள் தனியாக நின்றாள்.

மறுபடி தேடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் செல்வங்கள் கூட்டமாக வாசலுக்கு வந்து, இன்னொரு தரம் 'செ' என்றால் போலீசுக்குப் போவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவள் கல்லூரிக்குப் போனாள். ஆய்வு மையத்தின் பொறுப்பாளர், பேராசிரியர் தனுஷ்கோடி, அவளைப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தார். அவள் கட்டத்தில் செ அடித்து, ள அடித்தாள். உடனே வந்து நின்றது: செளந்தரபாண்டி, டைப்பிங் கடை, கல்லூரி வாசல்.

"பெட்டிக்குள்ள கிடைக்கிறது பதிவு," என்றார் தனுஷ்கோடி. "ஆள் வெளியிலதான் கிடைக்கணும்."

"தெரியும் சார். இந்த எழுத்தை மட்டும் திருத்திடுதேன். ஒரு நிமிஷ வேலை."

"திருத்த முடியாதும்மா. திருத்தம்னா குழு கூடணும்."

"நாளன்னைக்கு மாசக் கடைசி. சாயங்காலம் மணியடிச்சா அவ்வோ கழிஞ்சு போயிருவாவ."

"கழிக்கிறது தானா நடக்கும். அதுக்குக் கையெழுத்து வேண்டாம். திருத்துறதுக்குத்தான் கையெழுத்து."

"அப்ப குழுவைக் கூட்டுங்க."

தனுஷ்கோடி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கூட்ட மாட்டேன்னா சொல்றேன்? குழுவுக்குத் தலைவர் கௌதமன் சார். போன வாரத்துல இருந்து அவரைக் காணோம். தேடாத இடமில்லை."

கௌதமனின் கௌ வடிவுக்கு உடனே உறைத்தது. பிறகு, ஔகாரத்தைப் பற்றியும் கொம்பைப் பற்றியும் ளகரத்தைப் பற்றியும் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். தாளில் எழுதியும் காட்டினாள். "வராந்தாவுல போய் நின்னு, 'கெ-ளதமன்'னு கூப்பிடுங்க சார். வந்துருவாவ."

தனுஷ்கோடி தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "தமிழ்த்துறையில நின்னுக்கிட்டு, ஒரு தமிழ்ப் பேராசிரியரை, கெளதமன்னா?" என்றார். "மாணவிகள் எல்லாம் நடமாடுற இடம்மா இது. நீங்களே சொல்லுங்க, உங்க வாயால அப்படி ஒரு தப்பைச் சொல்லுவீங்களா?"

அவள் எழுந்துகொண்டாள். வீட்டுக்கு நடந்து வரும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள். தப்பாகக் கூப்பிட்டு அவர் வந்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் பெயர் அதுதான். பத்திரிகையில் வந்தால் அவள் வட்டம் போட்டு வெட்டுகிற ஒரு சொல், அவளுடைய வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, துண்டை மெத்தையில் போட்டுக்கொண்டு இருக்கும். அதை நினைத்தாலே அவளுக்குப் பல் கூசியது. அப்படிக் கூப்பிடாவிட்டால் மெத்தையில் துண்டே இருக்காது என்பதையும் நினைத்தாள். அந்த இரவு அவள் துண்டைக் கொடிக்கு எடுத்துப் போடவில்லை. கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மாதக் கடைசி நாள் சந்தை நாளாக இருந்தது. அவள் டைப்பிங் கடை வாசலில் போய் நின்றாள். கல்லூரி வாசலும் சந்தையும் ஒரே தெரு. ஊரே அங்கே இருந்தது. ஜெபக்கனி துணைக்கு வந்திருந்தாள்.

வடிவு மூச்சை இழுத்து, வாயைத் திறந்தாள். "சௌந்தரபாண்டி" என்றது வாய்.

"எக்கா, சரியாச் சொல்லிட்டிய," என்றாள் ஜெபக்கனி.

மறுபடி முயன்றாள். மறுபடியும் சௌ. அவளுடைய நாக்கு வாழ்நாள் முழுவதும் திருத்தியே பழகியது. பிழை உதட்டுக்கு வருவதற்குள் உள்ளேயே திருத்தி அனுப்பியது. திரும்பத் திரும்பச் சொன்னாள். திரும்பத் திரும்பச் சரியாகவே வந்தது. கன்னத்தில் அடித்துக்கொண்டாள். வெங்காயக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். செல்வங்களில் இரண்டு பேர் எதற்கும் இருக்கட்டும் என்று தள்ளி நின்றார்கள்.

"என்ன தாயி, பலகையில யாரும் தப்பா எழுதிட்டாங்களா?" என்றார் டீக்கடைக்காரர்.

"இல்ல அண்ணாச்சி," என்றாள் வடிவு, பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் ஒரு தப்புச் சொல்லணும். வர மாட்டேங்குது."

"தப்புத்தானே? எங்ககிட்டக் கேட்டா நாங்க சொல்லித் தர மாட்டமா?" என்றார் வெங்காயக் கடைக்காரர். சந்தை சிரித்தது. "செக்குன்னு சொல்லுங்க. வந்துச்சா? அதுல பாதியில நின்னுக்கிடுங்க. களவாணிங்கிறதுல ள இருக்கு பாருங்க, அதை எடுத்து ஒட்டுங்க."

"பேசாம இரும், அவ்வோ சொல்லுதாவ," என்று ஜெபக்கனி அவரை அதட்டினாள்.

கல்லூரி மணியை அடிக்கிறவர் வாசலைக் கடந்து உள்ளே போனதை வடிவு பார்த்தாள். அதற்கு மேல் அவள் நாக்கைக் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, செக்கிலிருந்து செ-வை உடைத்து எடுத்து, நாக்கின் நுனியை மேலே மடித்து, ள-வைத் தனியாக, கனமாக, தெருவே பார்க்கும்படி வைத்து, இருக்கும் மூச்சையெல்லாம் கூட்டிக் கூப்பிட்டாள்:

"செ-ள-ந்தரபாண்டீ!"

 யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவளுடைய இடது தோளுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நான் இங்கதான நிக்கேன். எதுக்கு இந்தக் கத்துக் கத்துத?"

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அவர் நின்றார். இத்தனை நாளும் கடைக்கும் வீட்டுக்கும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தாராம். வடிவு அவருடைய சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மணி அடித்தது. சட்டை கையில் இருந்தது. சட்டைக்குள் கையும் இருந்தது.

"நீங்க ஏன் என்னைத் தேடல?" என்று கேட்டாள். "நான் எழுத்து எழுத்தாத் தேடிக்கிட்டு அலையுதேன்."

"தேடாம? அன்னைக்கு வீட்டுக்கு வந்ததுல இருந்து வடிவு, வடிவுன்னு தொண்டை கட்டிப்போச்சு. மேலத்தெருவுல இருக்க இன்னொரு வடிவுதான் வாரா. நாலு நாளா வாரா. நல்ல மாதிரிப் பேசுதா, பாவம்."

"செண்பகவடிவுன்னு கூப்பிட வேண்டியதுதானே!"

"யாரு பொண்டாட்டியை ரேஷன் கார்டுல இருக்க மாதிரிக் கூப்பிடுவான்?" என்றார் அவர். பிறகுதான் கேட்டது அவருக்கு உறைத்தது போலிருக்கிறது. கண்ணாடியைக் கீழே இறக்கி அவளை உற்றுப் பார்த்தார். "ஆமா, நீ இப்ப என்னை என்னன்னு கூப்பிட்ட?"

"நீங்க அடிச்ச மாதிரி," என்றாள் வடிவு.

அவர் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில் தமிழ்த்துறை வராந்தாவில் தனுஷ்கோடி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மெதுவாக "கெளதமன் சார்" என்றார். முந்தின சாயங்காலம் மணியடித்தபோதே கௌதமன் கழிந்து போயிருந்தார். அவருடைய நாற்காலி இருந்த இடத்தில் அச்சுப் பிரதிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். வேறொருவரைத் தலைவராகப் போட்டுக் குழு கூடியது. கெ, செ, மெ, பெ என்று மீதமிருந்த ஔகாரங்களை எல்லாம் திருத்துவதாகத் தீர்மானம் போட்டது. திருத்துவது என்றால் பழைய பதிவை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது; எடுப்பதற்கும் போடுவதற்கும் நடுவில் ஒரு மத்தியானம் ஆள் இருக்க மாட்டார், அவ்வளவுதான் என்றார்கள். தெருவில் ஒவ்வொரு வீடாக வந்து சம்மதம் கேட்டார்கள். வடிவு வீட்டுக்கும் வந்து, திருத்த வேண்டிய பெயரைக் காட்டி, கையெழுத்துக் கேட்டார்கள். அவள் சிவப்புப் பேனாவை எடுத்து, மெய்ப்பில் ஒன்றைத் திருத்தாமல் விடச் சொல்லும்போது வைப்பதுபோல, பெயருக்கு அடியில் புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

இப்போதும் கடையில் வேலை அதிகமாகி அவர் வர நேரமானால் அவள் வாசலுக்கு வந்து கூப்பிடுகிறாள். புதிதாக ஊருக்கு வந்தவர்கள், படிக்காத பெண்பிள்ளை போல என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ஒரு பிழையை அவ்வளவு சுத்தமாக உச்சரிக்க மணலேரியில் வேறு யாராலும் முடியாது.